பிறந்தபோது இல்லாத தொற்று, ஒன்பதாம் நாள் எப்படி வந்தது?

"மகளுக்கு 30 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேரனின் எடை 1,200 கிராம். நாகர்கோவிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள், ரத்தத்தில் கிருமி என்று சொல்லி மருந்தை மாற்றினார்கள். மகள் வீட்டில் இருக்கிறாள். நாங்கள்தான் தினமும் பஸ்ஸில் பால் கொண்டுபோகிறோம். அதனால் வந்ததா?" குலசேகரத்திலிருந்து ஒரு பாட்டி கேட்டிருக்கிறார்.

அம்மா, அந்தச் சந்தேகத்தில் பாலை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால்தான் காவல்.

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் மருத்துவமனைச் சூழலில் இருந்து, கைகள் வழியாகவும் கருவிகள் வழியாகவும் வருகிறது. நம் நாட்டில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற இரண்டு கிருமிகளையும் அதிகம் பார்க்கிறோம். வழக்கமான மருந்துகளுக்கு இவை பல நேரம் அடங்குவதில்லை. மருந்தை மாற்றியது அதனாலும் இருக்கலாம்.

தாயின் எதிர்ப்புச் சக்தி பெருமளவு கடைசி இரண்டு மாதங்களில்தான் கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். உங்கள் பேரன் அதற்கு முன்பே பிறந்துவிட்டான். தோலும் மெல்லியது. அதன்மேல் தொப்புளிலோ கையிலோ ஏற்றும் குழாய், மூச்சுக் குழாய், ரத்தக்குழாய் வழியாகத் தரும் சத்து திரவம். எல்லாம் உயிர் காப்பவைதான். ஆனால் ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வாசல், நாளாக ஆக ஆபத்தும் கூடும். தேவையில்லாமல் நீளும் ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் போன்ற மருந்து, ஒரே நர்ஸ் பல குழந்தைகளைக் கவனிக்கும் நெருக்கடி, இவையும் சேரும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை. கை கழுவ நேரமில்லாத இடத்தில் எந்த விதியும் நிற்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தினமும் டாக்டரிடம், "இந்தக் குழாய் இன்றைக்கும் வேண்டுமா, எப்போது எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ரத்தத்தில் இருப்பது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். வந்ததும், மருந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். உள்ளே போகுமுன் வளையல், மோதிரம், வாட்ச் கழற்றி, முழங்கை வரை சோப்பால் கழுவுங்கள். வசம்பு வளையல், கறுப்புக் கயிறு, நாக்கில் தேன் எதுவும் இப்போது வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளவர் வர வேண்டாம்.

கொதிக்க வைத்து ஆறிய பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி, உடனே குளிர வைத்து, ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள்.

அப்புறம், மகளால் பயணம் செய்ய முடியுமென்றால் அவளையே அழைத்துப் போங்கள். இந்தியாவும் பங்கேற்று 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தொற்றும் குறைந்தது. பேரன் இப்போது தொற்றோடு போராடுகிறான் என்பதால், எப்போது நெஞ்சில் வைக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதையும் நாளைக்கே கேளுங்கள்.