செய்தவன் சாட்சி செல்லாது

கேள்வி: எங்கள் குழுவில் ரப்பர் பால் கணக்கு எழுத, போனில் ஒரு செயலி செய்திருக்கிறோம். செய்த பையன் 'ரொம்ப ஈஸி' என்கிறான். புதியவர்களுக்கும் எளிதா என்று அளக்க முடியுமா? - ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: முடியும். ஆனால் பையனின் சாட்சி செல்லாது. செய்தவனுக்கு எதுதான் கஷ்டம்?

செயலியையே பார்த்திராத ஐந்து பேரைப் பிடியுங்கள். பால் எடுக்கும் இடத்திலேயே, கை பிசுபிசுவென்று இருக்கும்போதே போனைக் கொடுங்கள். "இன்றைய 18 லிட்டரைப் பதிந்து, எவ்வளவு பணம் வரும் என்று சொல்லுங்கள்." அவ்வளவுதான் பேச வேண்டும். மனதில் ஓடுவதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும். துணையில்லாமல் முடித்தாரா, எவ்வளவு நேரம், எங்கே விரல் தயங்கியது என்று குறியுங்கள். "இது எங்க போச்சு மக்கா?" என்று கேட்கும் இடம்தான் உங்களுக்குப் புதையல். பையனும் வரட்டும், வாயை மூடிக்கொண்டு.

ஐந்து பேரே 85 சதவீதக் குறைகளைக் காட்டிவிடுவார்கள் என்பது பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் சொன்ன கணக்கு. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால்தான் அது பொருந்தும். பால் வெட்டுபவரையும் ஓய்வுபெற்ற வாத்தியாரையும் ஒரே கூட்டமாக எண்ணாதீர்கள். குறை கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும்; சராசரி நேரம் இவ்வளவு என்று சொல்ல இருபது பேராவது வேண்டும்.

மதிப்பெண் வேண்டுமென்றால், ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ். (System Usability Scale) என்ற கேள்வித்தாள் இருக்கிறது; பயன்படுத்திப் பார்த்தவர்களே அதை நிரப்ப வேண்டும். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (ஒத்துக்கொள்ளவே மாட்டேன்) முதல் 5 (முழுக்க ஒத்துக்கொள்கிறேன்) வரை. ஒற்றைப்படை வாக்கியங்கள் செயலியைப் பாராட்டும், இரட்டைப்படை குறை சொல்லும். ஒற்றைப்படை வாக்கியங்களில் போட்ட எண்ணில் 1 கழியுங்கள்; இரட்டைப்படையில் போட்ட எண்ணை 5இலிருந்து கழியுங்கள். எல்லாம் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். 68 சராசரி. அதைச் சதவீதம் என்று நினைக்க வேண்டாம். புதியவர்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது நான்காவதும் பத்தாவதும்: விவரம் தெரிந்த ஒருவர் துணை வேண்டுமா, தொடங்கும் முன் நிறையக் கற்க வேண்டியிருந்ததா.

இதிலும் ஒரு சங்கடம். தக்கலையில் என் சித்தி, பணம் அனுப்பும் செயலி ஒன்றில் திண்டாடிவிட்டு, "எனக்குத்தான் புத்தியில்ல" என்று தாராளமாக மார்க் போட்டார். மார்க்கும் கடிகாரமும் முரண்பட்டால் கடிகாரத்தை நம்புங்கள்.

அப்புறம், ஒரு வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே வேலையைக் கொடுங்கள். நேரம் குறைந்திருந்தால் பழகக்கூடிய செயலி. குறையவில்லையென்றால் பையனுக்கு இன்னும் வேலை இருக்கிறது.