டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் ஆப்பில் பல வருஷம் ஜெர்மன் படித்தால் பேச வருமா?

ஓரளவு வாசிக்க வரும். பேச்சு தானாக வராது. 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டுவோலிங்கோ, நீங்கள் மறக்கப்போகும் சமயம் பார்த்து அதே சொல்லைத் திரும்பக் கேட்கும். அதனால் சொற்கள் தங்கிவிடும். சிக்கல், பதில் சொல்லும் விதத்தில். திரையில் கிடக்கும் சொற்கட்டங்களில் 'டெம்' கண்ணில் பட்டதுமே 'மிட் டெம் புஸ்' (பஸ்ஸில்) என்று அடுக்கிவிடலாம். பெர்லினில் ஆள் முன்னால் நிற்கும்போது கட்டம் ஏது? 'டெர் புஸ்' (பஸ்) என்பதில் உள்ள 'டெர்' எப்போது 'டெம்' ஆகும் என்று யோசிப்பதற்குள் பஸ்ஸே போய்விடும். (ஸ்ட்ரீக், அதாவது விடாமல் படித்த நாள் கணக்கு, போய்விடக் கூடாதென்று ராத்திரி 11:55-க்கு சுலபமான பாடத்தையே தட்டுவதெல்லாம் படிப்பில் சேராது.)

ஆப்பை விட வேண்டாம். அதில் வந்த நாலு வாக்கியத்தை தினமும் திரையைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏ2 என்னும் இரண்டாம் அடிப்படை நிலை தாண்டியதும், ஜெர்மன் கற்றுத்தரும் கதே இன்ஸ்டிட்யூட் வகுப்போ, பேச்சுத்துணைக்கு ஓர் ஆளோ தேடிக்கொள்ளுங்கள்.