வேலை பேசாது

அன்புள்ள சார்,
சிறுசேரியில் ஒரு பெரிய ஐடி கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இந்த முறையும் அப்ரைசலில் நடு ரேட்டிங்தான். ராத்திரி பகலாக உழைத்த எனக்கு இது. மேனேஜரோடு டீக்கடைக்குப் போய்வந்தவனுக்கு வெளிநாட்டில் ஆன்சைட் வேலை. என் வேலை பேசும் என்று நம்பியிருந்தேன். வேலையை விடுவதா, நானும் ஜால்ரா போடுவதா?
எஸ்., மேடவாக்கம்

அன்புள்ள எஸ்.,

வயிறு எரியத்தான் செய்யும். ரெண்டு நாள் யாரோடும் பேசாமல் இருங்கள், தப்பில்லை. ஆனால் அந்த டீக்கடை நண்பரை விட்டுவிடுங்கள். அவர் வேலை செய்யவில்லை என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. டீ குடித்தார், அதுதான் குற்றம்.

என்னை எழுத வைத்தது 'என் வேலை பேசும்' என்ற வரிதான். பேசாது. ரேட்டிங்கை இறுதி செய்யும் அறையில் நானும் சில வருடம் உட்கார்ந்தவன். 'நார்மலைசேஷன்' என்பார்கள். திரையில் எக்ஸெல், யார் யாரென்று பார்க்கும் முன்பே மேலே இத்தனை சதவீதம், கீழே இத்தனை என்று வந்துவிடும். ஒரு வருடம் எல்லாருமே நன்றாகச் செய்திருந்தார்கள். கீழே ஒரு இடம் மட்டும் காலி. கர்சர் பெயர் பெயராக இறங்கி ஒரு பெண்ணின் பெயரில் நின்றது. "அவங்க மெட்டர்னிட்டி லீவ்ல இருக்காங்க, இப்போ வந்து கேக்க மாட்டாங்க" என்றார் ஒருவர். அதோடு அடுத்த டீமின் பட்டியலுக்குப் போய்விட்டார்கள்.

'பெல் கர்வ்' என்கிற இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் 1981ல் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவரான ஜாக் வெல்ச். மேலே 20, நடுவில் 70, கீழே 10. கீழே இருப்பவர்கள் நடையைக் கட்ட வேண்டும். பக்கத்து சீட்டுக்காரன் சறுக்கினால் நமக்கு லாபம் என்றால் யார் யாருக்கு உதவுவார்கள்? மைக்ரோசாஃப்ட் 2013ல் இதைக் கைவிட்டது. இன்ஃபோசிஸ் 2015ல். ஆனால் சம்பள உயர்வுக்கான பட்ஜெட் ஒரே அளவுதான் என்றால், பெல் கர்வை வாசல் வழியே அனுப்பினாலும் கொல்லைப்புறமாக வந்துவிடும்.

சரி, அந்த அறைக்குள் போன உங்கள் மேனேஜருக்கு உங்களைப் பற்றிச் சொல்ல என்ன தெரியும்? ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்கள் சரிசெய்த ப்ரொடக்‌ஷன் பிரச்சினை, காலையில் அவர் பார்க்கும்போது பிரச்சினையாகவே இல்லை. மாதம் ஒரு முறை, செய்ததைச் சொல்லி அவருக்கு நாலு வரி மெயில் போடுங்கள். அதில் கௌரவம் பார்த்துக்கொண்டு, அப்புறம் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். ஜால்ரா போடுவதெல்லாம் உங்களுக்கு வராது, எழுத்திலேயே தெரிகிறது.

வேலையை விடுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்று சொல்லாமல் கேட்டால் எப்படி?