டிரையர் புல்லி மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: நிலாவெளி ஹோட்டல் லாண்டரி. டிரையருக்குப் புது பெல்ட் போட்டு ஒரு மாதமும் இல்லை, பக்கமெல்லாம் கருகி வழுக்குது. பெல்ட் சரியில்லையா அண்ணா?

பதில்: புல்லியை, அதுதான் பெல்ட் ஓடுற சக்கரத்தைப் பாருங்கோ. வீ பெல்ட் புல்லியின் காடியில் (பெல்ட் உட்காருற பள்ளத்தில்) இரண்டு சுவரிலும்தான் பிடிக்கும், அடியில் முட்டவே கூடாது. பெல்ட்டைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால், அடி பளபளவென்று மினுங்கினால் புல்லி முடிஞ்சுது. சுவரோடு ஒரு நேரான தகட்டை வைத்தும் பார்க்கலாம்: நடுவில் 0.8 மில்லிமீற்றருக்கு மேல் குழிந்திருந்தால் மாற்ற வேணும். மோட்டர் புல்லி சின்னது, வேகமாகச் சுத்துறது, அதனால் முதலில் தேய்வதும் அதுதான். உப்புக்காத்தில் மெஷின் சும்மா நின்றால் காடி துருவேறும். அப்படியே ஓட்டினால் துரு பெல்ட்டை அராவித் தள்ளும்.

கேள்வி: புல்லி ஷாஃப்ட்டில் இறுகிப்போச்சு. சுத்தியலால் தட்டலாமா?

பதில்: வேண்டாம். வார்ப்பிரும்பு விளிம்பு உடையும், அடி மோட்டர் பெயாரிங்கிலும் விழும். மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிப் பூட்டுங்கோ, காஸ் மெஷின் என்றால் வால்வையும் மூடுங்கோ. நடுவில் டேப்பர் புஷ், அதாவது புல்லியை ஷாஃப்ட்டில் இறுக்கிப் பிடிக்கிற கூம்பு வளையம் இருந்தால் இரண்டு ஸ்க்ரூவும் ஒரு வெறும் ஓட்டையும் தெரியும். இரண்டையும் கழற்றி, ஒன்றின் புரியில் எண்ணெய் தொட்டு வெறும் ஓட்டைக்குள் முறுக்குங்கோ. டக்கென்று விடும். புஷ் இல்லாத புல்லிக்கு எண்ணெய் ஊறவிட்டு, ஷாஃப்ட்டோடு பிடிக்கிற செட் ஸ்க்ரூவைக் கழற்றிப் புல்லர் போட்டு இழுக்கலாம். அதுக்கும் அசையவில்லை என்றால் செட் ஸ்க்ரூ இருந்த ஓட்டைக்குள்ளேயே இரண்டாவது ஸ்க்ரூ ஒன்று ஒளிஞ்சிருக்கலாம். கனபேர் இதில்தான் புல்லியை உடைக்கிறது.

கேள்வி: துருப்பிடிக்காமல் புஷ்ஷுக்குக் கிரீஸ் பூசி ஏத்தலாமா?

பதில்: கூம்பு முகத்தில் ஒரு துளியும் கூடாது, துடைத்துக் காய்ந்த நிலையில் ஏத்துங்கோ. 1610 அளவு புஷ்ஷுக்கு ஸ்க்ரூ இறுக்கம் 20 நியூட்டன் மீற்றர். அரை மணி ஓட்டி நிறுத்தித் திரும்ப இறுக்குங்கோ. கிரீஸை மிஞ்சின ஓட்டைக்குள் அடையுங்கோ, உப்பும் பஞ்சும் போகாது.

கேள்வி: 75 மில்லிமீற்றர் மோட்டர் புல்லி கிடைக்கேல்லை, 90 போட்டாச்சு. இப்ப துவாய் எல்லாம் டிரம்மோடு ஒட்டிச் சுத்துது, காயுதில்லை.

பதில்: வேகம் 20 வீதம் கூடிப்போச்சு. 42 சுற்றில் ஓடின டிரம் இப்ப நிமிடத்துக்கு 50. டிரம் விட்டம் 94 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 44 சுற்றிலேயே துணி சுவரோடு ஒட்டத் தொடங்கும், விழுந்து புரளாது. புரளாவிட்டால் நடுவில் சூடு போகாது. 75 தான் வேணும், கிடைக்காட்டி லேத்தில் கடையக் குடுங்கோ. ஆனால் 60 ஹேர்ட்ஸ் கரண்டுக்குச் செய்த மெஷினை இங்கத்தைய 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஓட்டுறவைக்கு இதுவே மறுபக்கம்: மோட்டர் மெதுவாகும், அவைக்கு மோட்டர் புல்லி 1.2 மடங்கு பெரிசாக வேணும்.

கேள்வி: பெல்ட் எவ்வளவு இறுக்கம்?

பதில்: இரண்டு புல்லிக்கும் இடையில் 40 சென்ரிமீற்றர் என்றால், அந்த பெல்ட்டுக்குச் சொல்லப்பட்ட விசையில் நடுவை அமத்த 6 மில்லிமீற்றர் இறங்க வேணும். கூட இறுக்கினால் ஐட்லர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சக்கரம்) பெயாரிங் போகும். ஜோடி பெல்ட் என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கோ, முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு திரும்ப ஒருக்கா அமத்திப் பாருங்கோ.