கையெழுத்துப் போட மறுத்த ராஜா

தங்கச்சிமடம் வாசகி: கற்பனைத் தீவு நாடு ஒன்றை வைத்துத் தொடர்கதை எழுதுகிறேன். அங்கே ராஜாவும் உண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமும் உண்டு. சபை நிறைவேற்றிய மசோதாவில் ராஜா கையெழுத்துப் போட மறுக்கிறார். படிப்பவர்கள் நம்புவார்களா?

பதில்: தாராளமாக நம்புவார்கள் அம்மா. பெல்ஜியத்தில் நடந்தே இருக்கிறது. 1990-இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா வந்தபோது, மனசாட்சி இடம் தரவில்லை என்று மன்னர் போதுவான் மறுத்துவிட்டார். மந்திரிகளுக்குத் தர்மசங்கடம். மன்னரையும் விடமுடியாது, சபையின் முடிவையும் கிடப்பில் போடமுடியாது. ‘மன்னரால் ஆள இயலாத நிலை’ என்று அரசமைப்பில் ஒரு பிரிவு இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, மன்னரால் ஆள இயலவில்லை என்று அறிவித்துவிட்டுத் தாங்களே கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே நாடாளுமன்றம் கூடி, அவரால் மறுபடி ஆள முடியும் என்று அறிவித்தது!

நம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வேண்டுமே, ராஜாவின் கையெழுத்தும் அப்படித்தான். டோக்கன் கொடுப்பவர் வலை இழுப்பதில்லை, ஆனால் அந்தச் சீட்டு இல்லாமல் படகு கிளம்பாது. ஒரே வித்தியாசம், காற்று பலமாக அடித்தால் இங்கே டோக்கன் நிஜமாகவே கிடைக்காது. ராஜாவின் மறுப்பு பெரும்பாலும் ஏட்டோடு சரி. இங்கிலாந்தில் கடைசியாக ஒரு மசோதா அப்படி மறுக்கப்பட்டது 1708-இல், ஆன் ராணி காலத்தில். லக்சம்பர்க்கில் 2008-இல் அரசர் கருணைக்கொலைச் சட்டத்துக்கு முரண்டு பிடித்தார். அரசமைப்பையே திருத்தி, சட்டங்களுக்கு அவர் ‘ஒப்புதல்’ தர வேண்டும் என்பதையே எடுத்துவிட்டார்கள்.

அதனால் உங்கள் ராஜா வசனம் பேசிக் கத்த வேண்டாம். பேனாவை மூடி வைத்துவிட்டுக் காபி கேட்கட்டும். அன்று ராத்திரி தூக்கம் கெடுவது மந்திரிகளுக்கு. கதை அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், சபை திறப்பு விழாவை விட்டுவிடாதீர்கள். லண்டனில் மன்னரின் ஆள் உறுப்பினர்களை அழைக்க வரும்போது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். கறுப்புக் கோலால் மூன்று முறை தட்டினால்தான் திறக்கும். 1642-இல் முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. போதாததற்கு, மன்னர் சபையிலிருந்து பத்திரமாகத் திரும்பும்வரை ஓர் உறுப்பினர் அரண்மனையில் ‘பிணை’யாக இருப்பார். சம்பந்தி வீட்டார் சடங்குகூட இந்த அளவுக்குப் போகாது.

அதே வாசகி: உறுப்பினர்கள் எத்தனை பேர் வைக்கலாம்?

பதில்: பதினாறு போதும். பசிபிக் தீவு நாடான துவாலுவில் அவ்வளவுதான், கட்சியும் கிடையாது. பிரபுக்களும் வேண்டுமென்றால் தோங்காவைப் பாருங்கள். மக்கள் 17 பேரையும் பிரபுக்கள் தங்களுக்குள் 9 பேரையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தேவிபட்டினம் வாசகர்: நம் சேதுபதிகளில் யாராவது சட்டமன்றத்துக்குப் போனார்களா?

பதில்: போனார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. 1952 தேர்தலில் ராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி ஜெயித்தார், ராஜாஜியின் மந்திரிசபையில் மந்திரியும் ஆனார். என் அப்பா முதன்முதலாக ஓட்டுப் போட்டது அந்தத் தேர்தலில்தான். “ராஜாவுக்கே நம்ம ஓட்டு வேண்டியிருக்குடா” என்று அடிக்கடி சொல்வார். யாருக்குப் போட்டார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.