ஈ.ஐ. வாரங்கள் முடியப் போகின்றன, நீட்டித் தருவார்களா?

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடம், கிடங்கு வேலை போய்விட்டது, வேலை இழந்தவர்களுக்குத் தரும் காப்பீட்டுப் பணமான ஈ.ஐ. முடிய இன்னும் மூன்று வாரம்தான், கேட்டால் நீட்டித் தருவார்களா என்று எழுதியிருந்தீர்கள். தர மாட்டார்கள். அப்படியொரு விண்ணப்பமே கிடையாது.

வாரக் கணக்கு தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. நீங்கள் வேலை செய்த மணித்தியாலங்களையும் உங்கள் பகுதியின் வேலையின்மை வீதத்தையும் வைத்து 14 முதல் 45 வாரம் வரை தருவார்கள். வேலை தேடி எத்தனை படி ஏறி இறங்கினீர்கள் என்பது அந்தக் கணக்கில் ஏறாது.

நீட்டுவதென்றால் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு மனம் வைக்க வேண்டும். 2009 இல் வைத்தார்கள். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை போன வருடம் அது. பொதுவாக 5 வாரம் கூட்டினார்கள். வன்னியிலிருந்து ஏதாவது செய்தி வருமா என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்த மாதங்கள். வேலை தேடும் மனம் யாருக்கு இருந்தது? அந்த 5 வாரம் இல்லையென்றால் மோதிரத்தை அடகு வைத்திருப்பேன். 2025 இல் அமெரிக்க வரி வந்தபோது 20 வாரம் வரை கூட்டினார்கள், ஆனால் பல வருடம் ஈ.ஐ. பிரீமியம் கட்டியவர்களுக்கு மட்டும். ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் முதலில் அனுப்புகிறார்கள். நீட்டிப்பு வந்தால் அவனுக்குத்தான் இல்லை. எனக்கு இது இன்றும் நியாயமாகப் படவில்லை.

பகுதிநேர வேலை கிடைத்தால் விடாதீர்கள். ஈ.ஐ.யை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து நம்மவர் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய வாரச் சம்பளத்தில் 90 வீதம் வரை, உழைக்கும் ஒரு டொலருக்கு 50 சதம்தான் கழிப்பார்கள். முழு வாரம் வேலை செய்து ஈ.ஐ. எடுக்காமல் விட்டால் அந்த வாரம் கரையாது. தொடங்கியதிலிருந்து 52 வாரத்துக்குள் பிறகு எடுக்கலாம். உங்கள் கையில் இருக்கும் நீட்டிப்பு அதுதான். அடுத்த முறைக்குத் தேவையான மணித்தியாலங்களும் சேரும். பகுதியின் வீதத்தைப் பொறுத்து அது 420 முதல் 700 வரை.

கணக்கில் காட்டாமல் கையில் காசு தரும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். மணித்தியாலம் சேராது. இரண்டு வாரத்துக்கொருமுறை கொடுக்கும் அறிக்கையில் மறைத்தது தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டி, தண்டமும் கட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு இருப்பது ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண அரசின் உதவிப் பணம். தனி ஆளுக்கு மாதம் 733 டொலர். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறைக்கே போதாது. அதைவிட ஒரு சிக்கல் உண்டு. மனைவி யாழ்ப்பாணத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த உதவிப் பணம் எடுக்கும் காலத்தில், நீங்கள் மாற்றுத்திறனாளியாக இருந்தால் தவிர, அவரை இங்கே அழைக்க ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஈ.ஐ. எடுத்தால் அந்தத் தடை இல்லை. ஸ்பொன்சர் மனு போட்டுவிட்டீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.