பயோகிராஃப் பெண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மௌனப்பட நடிகை ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ்தான் கார் இண்டிகேட்டரைக் கண்டுபிடித்தவர், காப்புரிமை வாங்காததால் வறுமையில் இறந்தார் என்று ஒரு வாட்ஸப் செய்தி. உண்மையா? அவரைப் பற்றி எழுதுவீர்களா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

பாதி உண்மை. 1914 வாக்கில் தன் காருக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பொத்தானை அழுத்தினால் பின்பக்கம் ஒரு கை எழுந்து, வண்டி திரும்பும் திசையைக் காட்டும். பிரேக் போட்டால் ‘நில்’ என்ற பலகை. காப்புரிமை வாங்கவில்லை. ஆனால் அவர் நொடித்துப்போனது அதனால் அல்ல. கார் கதையைவிட அவருடைய பெயரின் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1908ல் இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் அவரை நியூயார்க்கின் பயோகிராஃப் படக் கம்பெனிக்கு அழைத்துவந்தார். வாரச் சம்பளம் 25 டாலர். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் ஒரு ரீல் படங்கள். திரையில் நடிகர் பெயர் போடும் வழக்கமே இல்லை. பெயர் வெளியே தெரிந்தால் கூலியை உயர்த்திக் கேட்பார்களே என்று முதலாளிகளுக்குப் பயம். ஜனங்கள் விடவில்லை. இந்தப் பெண் யார் என்று கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் வராததால் ‘பயோகிராஃப் பெண்’ என்று தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். நட்சத்திரங்களை ஸ்டூடியோக்கள் உருவாக்கின என்று சொல்பவர்கள் இந்தக் கடிதங்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1909ல் அவரும் கணவர் ஹாரி சோல்ட்டரும் வேறு கம்பெனியில் வேலை கேட்டார்கள். அந்தக் கம்பெனி பயோகிராஃபிடம் போட்டுக்கொடுத்தது. இருவருக்கும் வேலை போயிற்று. அவர்களைச் சேர்த்துக்கொண்டவர் கார்ல் லெம்லி, பின்னாளில் யுனிவர்சல் ஸ்டூடியோவை நிறுவியவர். 1910ல் லாரன்ஸ் விபத்தில் இறந்துவிட்டதாக வதந்தி. ‘எதிரிகள் கிளப்பிய பொய்’ என்று லெம்லி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார், நடிகையின் பெயரையும் படத்தையும் போட்டு. வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்பது பலரின் முடிவு. எனக்கும் அதில் சந்தேகமில்லை, ஆள் அப்படி! அதே மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் நடிகையை நேரில் இறக்கினார், கூட்டம் முண்டியடித்தது. பெயரை மறைத்தால் கூலி மிச்சம், சொன்னால் டிக்கெட் விற்கும். இரண்டு கணக்கும் முதலாளியுடையதுதான்.

புகழ் அதிக நாள் நிற்கவில்லை. பயோகிராஃபில் அவர் விட்ட இடத்தை நிரப்பியவர் மேரி பிக்ஃபோர்ட் என்ற நடிகை. லெம்லியிடமிருந்து லாரன்ஸ் விலகியபோதும் அங்கே வந்தவர் அதே பிக்ஃபோர்ட்தான். 1912ல் லெம்லியின் ஆதரவோடு விக்டர் என்ற சொந்தக் கம்பெனி. பிறகு தீ விபத்துக் காட்சியொன்றில் உண்மையாகவே காயம்பட்டு ஒதுங்கினார். திரும்பி வந்தபோது முழுநீளப் படங்களும் புது முகங்களும் வந்துவிட்டிருந்தன. முப்பதுகளில் எம்.ஜி.எம். ஸ்டூடியோ தந்தவை பெயர் போடாத துண்டு வேடங்கள். 1938 டிசம்பர் 28 அன்று, 52 வயதில், நோயால் அவதிப்பட்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கல்லறைக்கு 1991 வரை கல்கூட இல்லை.

படங்கள் பார்க்கக் கிடைக்கின்றன. அக்காலப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமாவுக்குத் தனி இடம் இல்லாததால், கம்பெனிகள் படச்சுருளைக் காகிதத்தில் அச்சிட்டு, புகைப்படங்களாகப் பதிவுசெய்தன. பயோகிராஃப் படங்கள் பல பிழைத்தது அந்தக் காகிதத்தால்தான். 1908ல் வந்த ‘தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ என்ற ஷேக்ஸ்பியர் நாடகப் படத்தில் அடங்காப்பிடாரி கேதரினாவாக வருகிறார். சோக வேடங்களைவிட அவருக்குச் சண்டைக்காரி வேடம் நன்றாகப் பொருந்துகிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.